யேலா ஆற்றுப் பாலம் இடிக்கப்பட்ட வரலாறு

ஹானரபிள் கொர்னேலியஸ் ஹான்ஸ்பெரி எங்கள் யேலா ஆற்றுப் பாலத்துக்கு முதல் மண் வெட்ட வந்தபோது, அந்த மண்ணையும் தலைநகரிலிருந்தே கொண்டுவந்தார். எங்கள் ஊர் மண் செம்மண். கோடையில் இறுகிக் கல்லாகிவிடும். பொதுப்பணித் துறையின் துணை அமைச்சர் மண்வெட்டியை ஓங்கிப் போட்டு அது டங்கென்று எகிறிவிட்டால் அரசாங்கத்தின் மானம் என்னாவது? ஆகவே சலித்த மண்ணை ஒரு மரப்பெட்டியில் நிரப்பி லாரியில் ஏற்றி ஆற்றங்கரையில் இறக்கினார்கள். மண்வெட்டிக்கு வெள்ளி வர்ணம் அடித்திருந்தார்கள். அவர் பெட்டியிலிருந்து ஒரு வெட்டு மண்ணை அள்ளிக் காட்டி, அதே பெட்டிக்குள் போட்டார். எல்லோரும் கைதட்டினோம். பிறகு பெட்டியை மூடி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஊரிலும் அன்றைக்கு ஒரு பாலத்துக்கு மண் வெட்ட வேண்டியிருந்தது.

நான் அப்போது மிஷன் பள்ளி மாணவன். வெயிலில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்குக் கைதட்டுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பாலம் எதற்கு என்று ஊரில் எல்லோருக்கும் விளங்கும். எங்கள் ஊர் ஸோலேட்டா இக்கரையில். சந்தை, மருத்துவமனை, தார் சாலை எல்லாம் அக்கரையில் பாங்வேயில். நடுவில் யேலா. மழைக்காலத்தில் அது ஆறு போலவே இராது; யாரோ மலைக்கு அந்தப் பக்கம் கோபித்துக்கொண்டு விரட்டிவிட்ட ஒரு மந்தைபோல வரும். கடப்பதற்கு இருந்தது ஒரே மரத்தில் குடைந்த வள்ளம்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பெரிய மனிதர் ஊருக்கு வந்தால் வெள்ளைச் சேவலும் கோலாக் கொட்டையும் ஒரு கூடை அரிசியும் கொடுப்போம். எங்கள் மனம் வெளுப்பாக இருக்கிறது என்று பொருள். பிறகு பெண்கள் நூற்று ஆண்கள் பட்டை பட்டையாக நெய்து இணைத்த பருத்தி அங்கியை அவர் தலைவழியே மாட்டிவிடுவோம். அங்கி தோளில் விழுந்த கணத்திலிருந்து அவர் விருந்தாளி அல்ல, ஊர்த்தலைவர். அங்கியை அவரே கொண்டுபோய்விடுவார்; அடுத்த தடவைக்குப் புதிதாக நெய்வோம். அங்கிக்குள் இருப்பவர் சொல்வது ஊர் சொல்வது. அதை மறுத்துப் பேசுகிறவன் தன் ஊரையே பொய்யாக்குகிறான். எங்கள் முன்னோர்கள் இதை ஏற்படுத்திய காலத்தில் செனட் கிடையாது.

பிறகு சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். பழைய அமைச்சர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. ஹான்ஸ்பெரி சீக்கிரமே திரும்பினார், காக்கிச் சட்டையில், புரட்சி மன்றத்தின் ஆலோசகராக. எங்கள் ஆற்றங்கரைக்கும் வந்தார். எங்கள் ஊர்த்தலைவர் மூல்பா அங்கியை மாட்டிவிட்டார். நான் அப்போது பள்ளி ஆசிரியன் ஆகிவிட்டிருந்தேன். ஊரில் எழுதத் தெரிந்தவன் என்பதால் வரவேற்புரையை நான்தான் வாசித்தேன்.

"தோழர்களே!" என்று முழங்கினார் ஹான்ஸ்பெரி. "இதே இடத்துல ஒரு துணை அமைச்சர் வந்து மண்ணு வெட்டினான். பாலம் வந்துச்சா? வரல! ஏழை சனங்கள ஏமாத்திட்டுப் போன அந்தத் துரோகி யாருன்னு கண்டுபிடிக்காம இந்தப் புரட்சி தூங்காது!"

கூட்டம் திகைத்து நின்றது. மூல்பா தலையைச் சொறிந்துகொண்டு என் காதருகே வந்தார். "வாத்தியாரே, அது இவர்தானே?"

"இவர்தான் தலைவரே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இருக்கும்."

"அப்ப யாராவது ஞாபகப்படுத்தணுமே."

மூல்பா ஹான்ஸ்பெரியின் தோளில் கிடந்த அங்கியைப் பார்த்தார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. துரோகியைக் கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஹான்ஸ்பெரியே தலைவர். சில வருடங்கள் விசாரித்து, முக்கிய சாட்சியமான மண்பெட்டி காணாமல் போய்விட்டதால் குற்றவாளியை அடையாளம் காண முடியவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்தச் சேவைக்காக அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. பதக்கத்தோடு எங்கள் கரைக்கு வந்து அன்றைக்கும் ஒரு வெட்டு வெட்டினார். புரட்சிக்காரர் என்பதால் வர்ணம் அடிக்காத மண்வெட்டி.

அப்புறம் போர் வந்தது. போரைப் பற்றி நான் எழுதுவதில்லை. என் அப்பாவும் இரண்டு தம்பிகளும் அதில் இருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் கினி நாட்டு எல்லையில் அகதி முகாமில் பிழைத்துக் கிடந்தேன். அங்கேதான் கோர்மாஸாவைப் பார்த்தேன். அவளும் ஸோலேட்டாக்காரிதான். முகாமின் வாசலில் கருவாடும் காய்ந்த மிளகாயும் விற்றுக்கொண்டிருந்தாள். ஐக்கிய நாடுகள் அதிகாரி ஒருவர், "இந்த முகாமில் உனக்கு என்ன குறை?" என்று கேட்டதற்கு, "குறையெல்லாம் இல்லைய்யா, நீங்க நிக்கிற எடம்தான் என் கடை" என்றாள். அன்றைக்கே நான் அவளைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

போர் முடிந்து ஊர் திரும்பினோம். வீடு இல்லை, பள்ளிக்கூரை இல்லை, ஆடு மாடு இல்லை. ஹான்ஸ்பெரி இருந்தார். இடைக்கால அரசில் மறுவாழ்வு அமைச்சர். வெளிநாட்டு உதவிக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தார். அங்கியை மாட்டினோம். அவர் யேலாவைக் காட்டிப் பேசினார்.

"எப்பேர்ப்பட்ட பாலம்! எங்க மக்கள் ரத்தம் சிந்திக் கட்டின பாலம்! கலகக்காரங்க வெடி வெச்சு ஒரே நாள்ல ஆத்துல சாய்ச்சிட்டாங்க!"

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே ஈரம் இருந்தது. வெளிநாட்டு எஞ்சினியர் ஒரு வெள்ளைக்காரப் பெண்; அவள் ஆற்றை உற்று உற்றுப் பார்த்துவிட்டுத் தூண்கள் எங்கே இருந்தன என்று கேட்டாள். எல்லோரும் மூல்பாவைப் பார்த்தார்கள். மூல்பா ஆற்றைப் பார்த்தார். நடுவில் ஒரு பாறைமேல் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டினார். அவள் குறித்துக்கொண்டாள்.

எனக்குப் பக்கத்தில் கோர்மாஸா முகத்தைத் துணியால் மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து அமைச்சரின் மனைவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வீட்டில் கோர்மாஸா மரவள்ளிக் கீரையை உரலில் இடித்துக்கொண்டே கேட்டாள்: "வாத்தியாரே, சண்டையில வீடு போச்சு, ஆடு போச்சு, மனுசங்க போனாங்க. பாலமும் போச்சுன்னு எனக்கு யாருமே சொல்லலியே? ஒருநாளாவது உக்காந்து ஒப்பாரி வெச்சிருப்பேன்ல?"

"மெதுவாப் பேசு. அங்கி போட்ட மனுசன் சொன்னது."

"அங்கியக் கழட்டி வேலியில மாட்டினா வேலி பேசுமா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு, கோர்மாஸா."

"இருக்கட்டும். உன் வரவேற்புரையில மட்டும் ஒரு வரி சேத்துக்கோ. 'இத்தனை கஷ்டத்துலயும் எங்க பாலத்த எங்களால மறக்க முடியல'ன்னு."

அடுத்த தடவை அதைச் சேர்த்தேன். ஹான்ஸ்பெரிக்கு மிகவும் பிடித்துவிட்டது; வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்தல் வந்தது. அவர் எங்கள் மாவட்டத்தின் செனட்டர் ஆனார். எங்கள் நாட்டில் செனட்டருக்கு ஒன்பது வருடப் பதவி. ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பள்ளிக்கு வந்து, பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும்வரை அவரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அந்த ஒன்பது வருடம் முடிந்து மறுபடியும் ஜெயித்தார். வாக்குப்பெட்டிகள் அக்கரையில் இருந்தன. மழைக்காலம்.

இரண்டாம் பதவிக்காலத்தில்தான் பாலம் கட்டி முடிக்கப்பட்டது.

அதை அறிவித்தது வானொலி. திறப்பு விழாவுக்கு முன்பே ஆட்கள் வந்து கரையில் இரண்டு கம்பங்கள் நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். கூடாரம் போட்டார்கள். தலைநகரிலிருந்து இசைக்குழு வந்தது. செனட்டர் அங்கியை மாட்டிக்கொண்டு ரிப்பனை வெட்டி, இசைக்குப் பொருத்தமாக மூன்று அடி கம்பீரமாக நடந்தார். நாலாவது அடியில் தண்ணீர். சட்டென்று நின்று, கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தார்.

"தலைவனோட வேலை வழி காட்டுறது! நடக்க வேண்டியது மக்கள்!"

கைதட்டல். என் பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் ரிப்பனுக்கு அப்பால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்து வரிசையில் நிறுத்தினார்கள்.

இதுவரை நடந்தது எல்லாவற்றுக்கும் நாங்கள் சிரித்துக்கொள்ளலாம், சிரித்தோம். பாலம் இல்லை என்றாலும் வள்ளம் இருந்ததே. திறப்பு விழாவுக்கு மறுநாள் அதுவும் இல்லாமல் போயிற்று.

வள்ளக்காரர் கலாக்பாய் காலையில் துறைக்கு வந்தபோது வள்ளம் கரையில் ஏற்றப்பட்டு மரத்தோடு சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் புதிதாக அனுப்பப்பட்ட கான்ஸ்டபிள் சாயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல பையன்தான், நிம்பா மலைப் பக்கத்து ஊர்க்காரன்.

"சட்டம் பெரியவரே," என்றார் வருத்தத்தோடு. "அரசாங்கப் பாலம் இருக்கிற எடத்துல ஆள் ஏத்தி வள்ளம் ஓட்டக்கூடாது."

"எங்க தம்பி பாலம்?"

"அத நான் சொல்லக்கூடாது. நான் பாதுகாக்க மட்டும்தான் வந்திருக்கேன்."

"எத?"

"பாலத்த."

"சரி, அந்தப் பாலத்து மேல ஏறி அந்தாண்ட போயி எனக்கு ஒரு பொட்டலம் உப்பு வாங்கிட்டு வா. இங்கயே நிக்கிறேன்."

"டூட்டியில இருக்கேன் பெரியவரே. போகக் கூடாது."

சாவி வட்டார ஆணையரிடம். ஆணையர் அக்கரையில். அவரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டுமானால் வள்ளம் வேண்டும். அப்படியும் சில இளைஞர்கள் வெள்ளம் கொஞ்சம் வடிந்த ஒரு நாள் நீந்திப் போய்க் கேட்டார்கள். அவர் அன்போடு உட்காரவைத்துச் சொன்னாராம்: "தம்பிங்களா, பாலம் இருக்கும்போது நீந்தி வர்றது ஆபத்து. இனிமே அப்படிச் செய்யாதீங்க."

அந்த வருடம்தான் கோர்மாஸா கர்ப்பமானாள். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து. எங்கள் இருவருக்குமே அந்த எண்ணம் விட்டுப் போயிருந்தது. அவள் அம்மா நியாமா தினமும் வந்து மகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவாள். பேசினால் கண்பட்டுவிடும் என்று பயம். கோடையில் ஒருமுறை ஆற்றை நடந்தே கடந்து பாங்வே மருத்துவமனைக்குக் காட்டினோம். நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குழந்தை குறுக்க கெடக்கு. வயசும் ஆயிடுச்சு. முதல் வலி வந்தவுடனே இங்க கொண்டாந்துடணும், புரியுதா? வீட்டுல வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கக் கூடாது" என்றாள்.

வலி வந்தது மழைக்காலத்தின் நடுவில், ஒரு காலை நேரத்தில். யேலா கரையைத் தொட்டுக்கொண்டு போனது.

ஊரே துறையில் நின்றது. கலாக்பாய் துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "பூட்ட ஒடைங்கடா" என்று யாரோ கத்தினார்கள். சாயே எழுந்து சங்கிலியின் குறுக்கே நின்றார். 

"டீச்சர், கெஞ்சிக் கேக்கறேன். ஒடைச்சா என்னச் செயில்ல போடுவாங்க. ஆணையருக்கு ஆள் அனுப்புவோம்."

"எது வழியா அனுப்புவ?" என்றேன்.

 கோடாலியால் இரண்டு பேர் சங்கிலியை வெட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அரசாங்கம் கொடுத்த பொருள்களில் உறுதியாக இருந்தது அந்தச் சங்கிலி ஒன்றுதான். மூல்பா காத்திருக்க வேண்டாம் என்றார். மலைப் பக்கம் மேலேறிப் போனால் ஆறு ஒடுங்கும் இடத்தில் கொடிகளால் கட்டிய பழைய தொங்கல் ஒன்று உண்டு, வேடர்கள் அதில் நடந்துதான் அக்கரைக்குப் போவார்கள். ஊஞ்சல் படுக்கையைக் கம்பில் கட்டி அதில் அவளைக் கிடத்தித் தூக்கினோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். நியாமா வாழையிலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

துறையைக் கடக்கும்போது அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகவேண்டியிருந்தது. நைந்த ரிப்பன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கோர்மாஸா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பாலம் வந்துடுச்சா வாத்தியாரே?"

"பேசாத. மூச்சப் பிடிச்சுக்கோ."

"மெதுவாக் கடக்கச் சொல்லு. ஒசரமான எடம்னா எனக்குத் தல சுத்தும்."

தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு அழுதுகொண்டே தூக்கினான்.

தொங்கல் இருக்கும் இடம்வரை போனோம். அவள் வரவில்லை. அவளுக்குள் இருந்ததும் வரவில்லை. அது ஆணா பெண்ணா என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நியாமாவிடம் கேட்டுக்கொண்டேன். அவள் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு செனட்டர் வந்தார். அவர் பக்கத்து ஊரில் கிணறு ஒன்றைத் திறந்து வைக்க வந்திருந்தார், யாரோ செய்தி சொன்னார்கள், வந்துவிட்டார். துக்க வீடானாலும் வந்தவர் பெரிய மனிதர்; மூல்பாவின் கைகள் தம்பாட்டுக்கு அங்கியை எடுத்து மாட்டிவிட்டன. குழிக்குப் பக்கத்தில் நின்று செனட்டர் பேசினார்.

"இந்த ஊர்ல சனங்க ஆத்தால சாகிறாங்கன்னு எத்தனை வருசமா நான் செனட்ல சொல்லிட்டு வர்றேன்! ஆதாரம் கேட்டாங்க. இன்னைக்கு என் கையில ஆதாரம் இருக்கு. இந்தத் தாய் வீணாச் சாகல. என் வாதத்துக்கு வலு சேத்துட்டுப் போயிருக்காங்க."

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. பழக்கதோஷத்தில் ஒரே ஒருவர் கைதட்டி நிறுத்திக்கொண்டார்.

"அவங்க பேரு காலமெல்லாம் நிக்கணும். இன்னையிலிருந்து யேலா ஆத்துப் பாலம், கோர்மாஸா பாலம்!"

உதவியாளர் மண்வெட்டியை நீட்டினார். வெள்ளி வர்ணம். செனட்டர் ஒரு வெட்டு மண்ணை அவள்மேல் தள்ளினார். அவர் தொடங்கிவைத்த வேலைகளில் அன்றே முடிந்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு வாரந்தோறும் வானொலியில் சாலை அறிவிப்புகள் வாசிக்கும்போது அவள் பேரும் வந்தது. கோர்மாஸா பாலம் நல்ல நிலையில் உள்ளது. கோர்மாஸா பாலத்தில் விரிசல் ஏதும் இல்லை. கனரக வாகனங்கள் கோர்மாஸா மேல் மெதுவாகச் செல்லவும். ஒவ்வொரு தடவையும் நியாமா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"மருமகனே, நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். பெரிய எடத்துக்கெல்லாம் வரவேற்புரை எழுதினவன். எம் மக பேர அவனுங்ககிட்டருந்து வாங்கிட்டு வா. புதைச்சவள வாரா வாரம் வெளிய எடுத்து லாரி ஏத்துறானுங்க."

தலைநகருக்குப் போனேன். செனட் கட்டடத்தில் பாலங்கள், மதகுகள் மற்றும் தேசிய கௌரவங்களுக்கான குழு என்று ஒன்று இருந்தது. பல நாள் படிக்கட்டில் உட்கார்ந்த பிறகு உள்ளே விட்டார்கள். குளிர்சாதனத்தில் செனட்டர்கள் கோட்டுக்குமேல் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹான்ஸ்பெரியும் குழுவில் இருந்தார். என்னைப் பார்த்து, "எங்க பாலத்து வாத்தியார்!" என்று மற்றவர்களுக்குப் பெருமையாக அறிமுகம் செய்தார்.

குழுத் தலைவர் மனுவைக் கேட்டுவிட்டுத் திகைத்தார். "பேர எடுக்கணுமா? பத்து வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். பேர வைக்கச் சொல்லித்தான் ஆளுங்க வந்திருக்காங்க."

"அது என் மனைவி பேரு ஐயா."

"அதனாலதான் கேக்கறேன். உங்களுக்கு நன்றியே இல்லையா?"

சட்ட ஆலோசகர் எழுந்தார். சட்டப்படி ஒருமுறை வைத்த பெயர் பாலத்தோடு ஒட்டியது. பாலம் இருக்கும்வரை பெயரும் இருக்கும். பாலத்தை இடித்தால்தான் போகும் என்றார்.

புதிதாக வந்திருந்த இளம் செனட்டர் ஒருவர் கையைத் தூக்கினார். "ஆனா அங்க பாலமே இல்லன்னுல்ல இவரு மனுவுல சொல்றாரு? இல்லாதத எப்படி இடிக்கிறது?"

 சபையில் யாருக்கோ காற்றுப் பிரிந்ததுபோல எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தலைவர் பொறுமையாகச் சொன்னார்: "கௌரவ உறுப்பினர் புதுசு. இல்லாதத இடிக்கிறதுதான் சுலபம். இருக்கிறதுன்னா யந்திரம் வேணும்."

ஹான்ஸ்பெரி எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "தலைவர் அவர்களே, கட்டுறவனுக்குத்தான் இடிக்கிற துணிச்சல் வரும். மக்கள் கேட்டா என் சொந்தக் குழந்தை மாதிரி வளர்த்த பாலத்தையும் நான் தியாகம் பண்ணுவேன். விழா எப்ப வெச்சுக்கலாம்?"

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "ஐயா, பாலத்த இடிச்சிட்டா, அப்புறம் வள்ளம் ஓட்டலாமா?"

தலைவர் எரிச்சலோடு பார்த்தார். "பாலமில்லாத ஊர்ல வள்ளத்துல போகாம பறந்தா போவாங்க? படிச்சவரு கேக்கிற கேள்வியா இது?"

மனுவின் கீழே 'பாலத்தை இடிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இடிப்பு விழா அடுத்த கோடை முடிந்து, முதல் மழைகள் விழுந்தபின் நடந்தது. அதே கூடாரம், அதே இசைக்குழு, சோகமான பாட்டு. மூல்பா சேவலையும் கோலாவையும் கொடுத்துவிட்டு, பழக்கப்படி பின்னால் கையை நீட்டினார். கையில் ஒன்றும் வந்து விழவில்லை.

"அங்கி எங்க?"

பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்றவள் நியாமா. "இல்ல."

"இல்லன்னா? நெசவுக்காரங்க என்ன பண்ணாங்க?"

"நூல் இல்லாம என்ன நெய்வாங்க?"

"பஞ்சு இருக்கே. நானே பாத்தேனே, மூட்டையா."

"பஞ்சு இருக்கு தலைவரே. விரலுதான் இல்ல. அவள அடக்கம் பண்ண அன்னைலிருந்து இந்த ஊர்ல ஒருத்தியும் நூல் நூக்கிற கதிரத் தொடல. உங்களுக்குத்தான் தெரியல. நீங்க போட்டிருக்கிற சட்டையப் பாருங்க, சந்தையில வாங்கினது."

மூல்பா தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். செனட்டர், "பரவாயில்ல பரவாயில்ல, எளிமையா இருக்கட்டும்" என்று கோட்டோடேயே முன்னால் வந்தார். வெள்ளி வர்ணம் பூசிய சுத்தியல் காத்திருந்தது. தலைநகரிலிருந்து கொண்டுவந்த சிமெண்டுக் கட்டி ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார்கள். அவர் ஒரு தட்டுத் தட்டினார். அது இரண்டாகப் பிளந்தது. பாலம் இடிக்கப்பட்டதாக அறிவித்தார். என் வாழ்நாளில் அரசாங்கம் சொன்ன நாளில் சொன்னபடி முடித்த வேலை அது.

கான்ஸ்டபிள் சாயே அறிவிப்பு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. எப்படியோ ஆணையரிடமிருந்து சாவியை வாங்கி வைத்திருந்தார். ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவி, முழு பலத்தோடு ஆற்றுக்குள் எறிந்தார்.

செனட்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் யேலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஈரம் வந்தது.

"அன்பான மக்களே! இந்தக் காட்சியப் பாக்க என்னால முடியல. இவ்வளவு பெரிய ஆறு, ஒரு பாலம்கூட இல்ல! எப்படித்தான் இருக்கீங்க? நான் உயிரோட இருக்கும்போது இத விடமாட்டேன். இப்பவே, இந்த எடத்துலயே..."

உதவியாளர் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பெட்டியும் வந்தது. மூடியைத் திறந்தார்கள். செனட்டர் மண்வெட்டியை ஓங்கினார். நியாமா போய் அந்தப் பெட்டிக்குள், மண்ணின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்கம்மா," என்றார் உதவியாளர். "யாரு நீங்க?"

"இப்ப இடிச்சாரே ஒரு பாலம், அதப் பெத்தவ."

செனட்டர் மண்வெட்டியைத் தாழ்த்திக்கொண்டு, நயமாகச் சிரித்தார். "தாயி துக்கத்துல இருக்காங்க. தலைவரே, நீங்க சொல்லுங்க. ஊர் என்ன சொல்லுது? பாலம் வேணுமா, வேணாமா?"

மூல்பா அவர் தோள்களைப் பார்த்தார். கோட்டுதான் இருந்தது. நெடுநேரம் பார்த்தார். அங்கி இல்லாத ஒருவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததுபோல இருந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது.

"வேணாம் ஹானரபிள்."

"என்ன?"

"ஊர் வேணாங்குது."

அதை அவர் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒருவர், இன்னொருவர், பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து பாலம் பாலம் என்று கேட்டுக்கொண்டிருந்த சனங்கள், பாலம் வேண்டாம் வேண்டாம் என்று மண்டியிடாத குறையாகக் கெஞ்சினார்கள். இசைக்குழுக்காரர்களுக்கு எந்தப் பாட்டு வாசிப்பதென்று தெரியவில்லை.

ஸோலேட்டா மக்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று மறுநாள் வானொலி சொன்னது. பொதுவாழ்வில் ஹானரபிள் ஹான்ஸ்பெரி சந்தித்த மிகப் பெரிய வேதனை அது என்றும் சொன்னது. அந்த வேதனையைத் தாங்கிக்கொண்டதற்காக அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது கொடுத்தார்கள். இப்போது மூன்றாம் பதவிக்காலத்தில் இருக்கிறார். எங்கள் வாக்குகள் இல்லாமலேயே. சாலை அறிவிப்புகளில் அவள் பேர் வருவதில்லை.

வண்டிகள் புறப்பட்டுப் போன அன்றைய பிற்பகலில் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினோம். இத்தனை காலம் வெயிலில் கிடந்து மரம் வெடித்திருந்தது. கலாக்பாய் விரிசல்களில் பிசினும் துணியும் அடைத்தார். அப்படியும் கசிந்தது. முதலில் யார் போவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வயிறு தள்ளிய இளம்பெண் ஒருத்தி கரையில் நின்றாள், என் பழைய மாணவி. மாதம் இன்னும் இருக்கிறது, சும்மா நர்ஸிடம் காட்டிவிட்டு வரத்தான் என்றாள். நியாமா அவளைப் பிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு ஆத்தா?" என்றார் கலாக்பாய். "ஏற்கனவே தண்ணி ஏறுது."

"நீ தள்ளு. நான் எறைக்கிறேன்."

சுரைக்குடுவையால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே போனாள். வள்ளம் நடு ஆற்றில் ஒருமுறை திரும்பி, நேராகி, நாணல்களுக்குள் நுழைந்து அக்கரையில் முட்டியது. அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு, நியாமா ஈரத்துணியோடு கரையில் ஏறி நின்று இந்தப் பக்கம் திரும்பினாள். முகத்துக்கு நேராகக் கையைக் குவித்து என்னைக் கூப்பிட்டாள். சத்தம் தெளிவாகக் கேட்டது.

"மருமகனே! இவ்வளவு தூரந்தானா!"